கடலை ஆராயும் கருவி

எங்கள் கணினிக் கடலில் என் வீடு தண்ணீருக்குள் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கடலைக் கணக்குப் போட வேண்டும் என்றால் முதலில் அதைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ரொம்பச் சின்னதாக வெட்டினால் கணினி திணறும் என்பதால் நாங்கள் கொஞ்சம் தாராளமாகவே வெட்டுவோம். அப்படி வெட்டியதில் பட்டினப்பாக்கம், சாந்தோம், மயிலாப்பூரில் எங்கள் தெருவும் சேர்த்துக் கோயில் குளம் வரைக்கும் எல்லாமே கடலோடு போய்விட்டது. கரை ஆழ்வார்பேட்டையில்தான் ஆரம்பிக்கிறது. இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதான் நம்மாத்துச் சுவரெல்லாம் ஓதம் ஏறிண்டே இருக்கா?" என்றார்.

நான் அடையாறில் ஒரு கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடலுக்குள் இறங்குவதெல்லாம் எப்போதாவதுதான், மற்ற நாளெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவது. கடலைப் பற்றிக் கிடைக்கும் அளவீடுகள் ரொம்பக் குறைவு. அங்கே ஒரு மிதவை, இங்கே ஒரு கப்பல், மேலே ஒரு செயற்கைக்கோள், அவ்வளவுதான். மிச்சத்தைச் சமன்பாடுகளை வைத்துக் கணினியே ஊகிக்க வேண்டும். ஊகம் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், அப்புறம் தன் இஷ்டத்துக்குத் திரிய ஆரம்பித்துவிடும். அப்போது கையில் இருக்கிற அளவீட்டைக் காட்டி அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஊகத்தை எவ்வளவு நம்புவது, அளவீட்டை எவ்வளவு நம்புவது என்று எடைபோட்டு இரண்டையும் சேர்ப்பதற்குத் தரவு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

இன்னொரு வேலையும் உண்டு. விளைவைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது. ஒரு பொருள் இந்த வழியாக மிதந்து வந்திருக்கிறது என்றால், அதைத் தள்ளிய தண்ணீர் எப்படி ஓடியிருக்கும் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. தலைகீழ்க் கணிப்பு என்போம். என் மாமியார் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, புளி பழசு, பெருங்காயம் புதுசு, வைத்தது என் பிள்ளை என்று சொல்லிவிடுவார். அதே சமாசாரம்தான், கொஞ்சம் பெரிய பாத்திரத்தில்.

என்னோடு வேலை பார்ப்பவள் ஒரு சாந்தோம் பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மணலுக்குப் போய் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ரகம். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளிடம் நீரோட்டத்தைப் பற்றி வாயைக் கொடுத்தால் டீ ஆறிவிடும். அவளுடைய ஒப்பந்த வேலை அந்த மாசி மாதத்தோடு முடிவதாக இருந்தது. நீட்டிப்பதா, கை கழுவுவதா என்பதை ஒரு மறுஆய்வுக் குழு கூடி முடிவு செய்யும். நீட்டிக்காவிட்டால் பெங்களூரில் ஒரு கம்பெனியில் துணிக்கடைகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை தயாராக இருந்தது.

"பெங்களூர்ல கடல் இல்லாட்டி என்னக்கா, ஏரியெல்லாம் இருக்காமே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் எனக்குச் சரிக்குச் சரியாகச் சண்டை போடுகிற ஒரே ஆள் அவள். அவள் போய்விட்டால் அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவது?

மறுஆய்வுக்காக அவள் தன் கையாலேயே ஒரு மிதவை செய்தாள். பெயிண்ட் டப்பா அளவில், ஆரஞ்சு நிறத்தில், உள்ளே பேட்டரி, இடம் காட்டும் கருவி, ஒரு செல்போன் சிம். தண்ணீரோடு மிதந்து போய், சில மணி நேரத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை எங்களுக்கு அனுப்பும். அந்த அளவீட்டைச் சேர்த்துக்கொண்டு எங்கள் கணிப்பு எவ்வளவு திருந்துகிறது என்று குழுவுக்குக் காட்ட வேண்டும். இருந்தது ஒரே மிதவை. அவள் வேலை அதன் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது.

மேலே ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவார்கள். இவள், மீனவர் கையில் கிடைத்தால் படிக்க வேண்டாமா என்று தமிழில் எழுதினாள். "இது கடலை ஆராயும் கருவி. கிடைத்தால் அழைக்கவும்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். இல்லை.

"நம்பர்?" என்றேன்.

"உங்க நம்பரே போடுங்கக்கா. யாராச்சும் எடுத்துட்டுப் போன் பண்ற நேரத்துல நான் எந்த ஏரிக்கரையில நிப்பேனோ."

எனக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் என் நம்பரையே எழுதினேன்.

நீலாங்கரைக்கு நேராகப் படகில் போய் மிதவையை இறக்கினோம். மாசியில் நம் கரையோரம் தண்ணீர் வடக்கு நோக்கிப் போகும். மிதவையும் சமத்தாக வடக்கே கிளம்பியது. கணிப்பு சொன்ன பாதையும் அது போன பாதையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே போயின. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளையை வாசலில் நின்று பார்ப்பதுபோல் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவான்மியூரைத் தாண்டியதும் ஒரு சாயங்காலம் சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்திருக்கிறது. எடுத்தவர் என் கணவர். வெளியே வந்து யார் என்று கேட்டேன்.

"எவனோ கடலை மிஷின் இருக்குங்கறான். நம்மாத்துல யாரும் செக்கு வெச்சுண்டு நடத்தலைப்பான்னு சொல்லி வெச்சுட்டேன்."

கிரெடிட் கார்டு, காலி மனை, தண்ணீர் வடிகட்டி என்று எது விற்க வந்தாலும் விரட்டியடிப்பதில் அவருக்குத் தனி ஆனந்தம். நானும் நல்ல வேலை செய்தீர்கள் என்று பாராட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

ஆபீசில் அவள் முகமெல்லாம் பல். மிதவைக்கு மறுபடி உயிர் வந்திருந்தது. ஆனால் பாதைதான் விசித்திரமாக இருந்தது. வடக்கே போய்க்கொண்டிருந்தது திடீரென்று மேற்கே திரும்பி, மெதுவாகக் கரையைப் பார்த்து வந்திருந்தது. அடுத்தடுத்த செய்திகளில் இன்னும் மேற்கே. எங்கள் கணினி அதைப் பார்த்துவிட்டு, இது கடல் செய்கிற காரியமாக இல்லை, நான் நம்பமாட்டேன் என்று சிவப்புக் குறி போட்டு ஒதுக்கிவிட்டது. அதற்குள் அப்படி ஒரு காவல் வைத்திருக்கிறோம், ஊகத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவீடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

"இருக்கறது ஒரே மிதவை. அதையும் தள்ளிட்டா ரிவ்யூல எதைக் காட்டறது?" என்றாள் அவள். "கருவி எதுக்குக்கா பொய் சொல்லணும்? நம்ம கணிப்புதான் தப்பா இருக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவள் காவலைத் தளர்த்தி, மிதவை சொல்வதை அப்படியே நம்பு என்று கணினிக்குக் கட்டளை போட்டாள். அது பாவம், சொன்னதைக் கேட்டுக்கொண்டது. சென்னைக் கடல் முழுக்க முறுக்கிக்கொண்டு மேற்கே திரும்பியது. அதற்கப்புறம்தான் பெரிய வேடிக்கை. மிதவை அசையாமல் நின்றுவிட்டது. காலையில் பார்த்தாலும் அதே இடம், மாலையில் பார்த்தாலும் அதே இடம்.

"கடல் நின்னுடுச்சுக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

நாங்கள் படித்தவர்கள் அல்லவா, சும்மா இருப்போமா? அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்ச்சுழல் இருக்கிறது, அதன் நட்டநடுவில் மிதவை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினோம். அவள் அந்தச் சுழலுக்கு வண்ண வண்ணமாகப் படம் போட்டாள். அது எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சுற்றுகிறது, எல்லாம் வந்துவிட்டது. எங்கள் வரைபடத்தில் தெரு கிடையாது, பெயர் கிடையாது, நீலச் சதுரங்கள் மட்டும்தான். மிதவை ஒரு நீலச் சதுரத்தில் நின்றது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மாலை நான் தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். மறுஆய்வு திங்கட்கிழமை. அவளிடமிருந்து செய்தி வந்தது, "இன்னும் கொஞ்சம்கூட நகரலக்கா, சூப்பர் சுழல்" என்று. கீழே மிதவை நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். ஒரு கையில் கீரைக்கட்டு, ஒரு கையில் போன். கட்டை விரல் தவறி அந்த எண்களின் மேல் பட்டுவிட்டது. போனில் சாதாரணத் தெரு வரைபடம் திறந்துகொண்டது. நான் நிற்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதற்குக் கொஞ்சம் தள்ளி, அதே தெருவில், ஒரு சிவப்புப் புள்ளி.

கீரைக்கார அம்மா, "இன்னாம்மா, தலை சுத்துதா? இப்டி குந்து" என்றார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் கணினிக் கடலில் என் வீடு தண்ணீருக்குள் இருக்கிறது என்றால், மாட வீதியும் தண்ணீருக்குள்தானே இருக்கும். அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"உடனே தெற்கு மாட வீதிக்கு வா."

"ஏன்கா?"

"உன் கடல் இங்கதான் நிக்குது."

ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. சிவப்புப் புள்ளி தெருவைக் காட்டியதே தவிர எந்தக் கடை என்று காட்டாததால், பாத்திரக் கடை, பூஜை சாமான் கடை என்று ஏறி இறங்கினோம். ஆரஞ்சு நிறத்தில் டப்பா மாதிரி ஒன்று என்று கேட்டால், எல்லோரும் பிளாஸ்டிக் வாளி எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வாசலில், எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில், முக்காலியின் மேல் வீற்றிருந்தது எங்கள் மிதவை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை அல்லவா, நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகைப் பூ.

"அண்ணாச்சி, இது எங்களோடது" என்றேன் கடைக்காரரிடம்.

"உங்களோடதாம்மா? நல்லதாப் போச்சு. இதுல எங்கன கடலையைப் போடணும்னு தேடிக்கிட்டே இருக்கேன். மூடியும் தெறக்க மாட்டேங்குது."

"கடலையா?"

அண்ணாச்சி மிதவையைத் திருப்பி, ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். "இது, கடலை, ஆராயும், கருவி. எழுதியிருக்கேம்மா. சொத்தை, பூஞ்சணம் எல்லாம் கண்டுபிடிச்சுச் சொல்லும்போலன்னு பூவெல்லாம் வச்சேன்."

என் கல்யாணத்திலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பொண்ணு என்ன செய்கிறாள் என்று கேட்ட ஒரு மாமாவிடம் என் தோழி "கடலை ஆராய்ச்சி பண்றா" என்று சொல்ல, அவர் பந்தியில் என்னைப் பார்த்து, இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கடலில் மிதக்கிற பொருளின் மேல் கடலை என்று எழுதியிருந்தால் எவருக்காவது வேர்க்கடலை ஞாபகம் வருமா? மயிலாப்பூரில் வரும். நான் கடை வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவளும் கண்ணில் தண்ணீரோடு நின்றாள். ஆனால் அது சிரிப்பு இல்லை. ஒரு கடலை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுக்கா. திங்கக்கிழமை என்னத்தைச் சொல்வேன்? மிதவை பாட்டுக்கு எண்ணெய்க் கடையில பூ வச்சுக்கிட்டு உக்காந்துருக்கு, நான் ஒரு சுழலையே கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் தோளைத் தொட்டேன். அண்ணாச்சி ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலையை நிறையப் போட்டு அவள் கையில் கொடுத்தார். இதைக் கொண்டுவந்தது பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவர், கடைக்கு வாடிக்கையாக எண்ணெய் வாங்க வருகிறவர் என்று சொல்லி, அவருடைய போன் நம்பரையும் கொடுத்தார்.

ஞாயிறன்று அவளுடைய பூசை முடிந்ததும் இருவரும் பட்டினப்பாக்கம் போனோம். அவர், தன் மனைவியின் மீன் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் போன் போட்டனே மேடம்" என்றார் முதல் வேலையாக. "ஒரு சார் எட்த்தாரு. செக்கெல்லாம் இல்லப்பான்னு கட் பண்ட்டாரு."

"அவர் என் வீட்டுக்காரர்தான்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வலைல மாட்டிக்கினு வந்துது. பாம் கீமா இருக்குமோன்னு பயந்துட்டேன். அப்பால படிச்சா கடலை மிஷின்னு கீது. கடல்ல இன்னாத்துக்குக் கடலை மிஷினு? கப்பல்லேந்து வுழுந்திருக்கும்னு நெனச்சி, அண்ணாச்சிக்கினா யூஸ் ஆவும்னு குட்த்தேன். விடியக்காலைல வலைய இஸ்த்தேன், எங்கன்னா..."

"அண்ணா, சொல்லாதீங்க" என்று அவள் குறுக்கே விழுந்தாள். அவர் வாய் திறந்தபடியே நின்றது. "எங்க எடுத்தீங்கன்னு இப்ப சொல்லாதீங்க. முதல்ல நான் சொல்றேன். சாயங்காலம் வரேன். அதுக்கப்புறம் நீங்க சொல்லுங்க."

"இன்னா மேடம், ரேடியோல கேள்வி கேக்கற மாரி கீது" என்று அவர் சிரித்தார். ஆனால் சரி என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தலைகீழ்க் கணிப்பு செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. விடை வந்துவிடும், அது சரியா என்று சொல்லக் கடலில் ஆள் இருக்காது. இந்த முறை ஆள் இருந்தார், வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆபீசுக்குப் போய், தளர்த்திய காவலைப் பழையபடி இறுக்கினாள். மேற்கே போன அளவீடுகளையெல்லாம் கணினி மறுபடி வாசலில் நிறுத்தியது. இந்தத் தடவை நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சிக்னல் போகிறவரை மிதவை மிதந்த பாதையிலிருந்து, அதைத் தள்ளிய நீரோட்டத்தைப் பின்னோக்கிக் கணித்தாள். அந்த நீரோட்டத்திலேயே மிதவையை மறுபடி மிதக்கவிட்டு, விடியற்காலையில் அது எங்கே இருந்திருக்கும் என்று பார்த்தாள். விடை வந்தது. முகத்துவாரத்துக்கு நேராக, சற்று வடக்கே. அந்த எண்களை எனக்கும் மற்ற சகாக்களுக்கும் செய்தியாக அனுப்பினாள், பிறகு மாற்றினேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக.

சாயங்காலம் அவர் படகிலிருந்து தன் ஜிபிஎஸ் கருவியை எடுத்துவந்தார். "வலை போட்ட எடம் இதுல கீது, பாத்துக்கோ."

அவள் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் என்னிடம் நீட்டினாள். முழுதாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய கடலில் அது பக்கத்துத் தெரு தூரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வஞ்சிர மீன் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் மீன் சாப்பிடுவதில்லை என்பது சாந்தோம் சிக்னலில்தான் ஞாபகம் வந்தது. அதை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை அவள் குழுவிடம் எதையும் மறைக்கவில்லை. மாட வீதி, மல்லிகைப் பூ, தானே கண்டுபிடித்த சுழல், எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினாள். குழுவில் சிரிக்கவே தெரியாத ஒரு பெரியவர் இருந்தார்.

"தப்பான அளவீடு வந்தால் உங்கள் முறை என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"கணினி சரியாத்தான் சார் சொல்லிச்சு. நான்தான் அதை நம்பல. நம்பாததால என்ன ஆச்சுன்னும் இங்க இருக்கு" என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாள்.

"தலைகீழ்க் கணிப்பின் விடை சரி என்பதற்கு என்ன ஆதாரம்?"

"எடுத்தவரையே கேட்டோம் சார். கேக்கறதுக்கு முன்னாடியே விடையை எல்லாருக்கும் அனுப்பிட்டோம்."

அவர் திரையில் இருந்த ஸ்டிக்கர் படத்தைப் பார்த்தார். பிறகு, "கடலை ஆராயும் கருவி" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அதற்கப்புறம் அந்த அறையில் ஒருவரும் அடக்கிக்கொள்ளவில்லை.

சிரித்தார்களே தவிர முடிவைச் சொல்லவில்லை. தெரிவிப்போம் என்று போய்விட்டார்கள். அந்த வாரம் அவள் பெங்களூரில் வீட்டு வாடகை எவ்வளவு என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். வீட்டில் என் கணவர், எந்த நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் என்ன மிஷின் என்று முழு விவரமும் கேட்ட பிறகே வைத்தார். ஒரு தண்ணீர் வடிகட்டிக்காரன் நேரில் வந்தே விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அடுத்த மிதவைக்கான ஸ்டிக்கர் என் மேசையில் இருந்தது. ஆள் இல்லை. அதே முத்து முத்தான கையெழுத்து. "இது கடலின் நீரோட்டத்தை அளக்கும் கருவி. கிடைத்தால் அழைக்கவும்." ஒற்றுப்பிழை பார்த்தேன், இல்லை. கடலை எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், அதுவும் இல்லை. கடைசியாக, என் எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்த்தேன்.

அது என் நம்பர் இல்லை, அவளுடையது.